எல்லாக் கையும்

அவர் கண்ணை மூடச் சொன்னால் மூடாமல் இருப்பது கடினம். அதட்டல் எதுவும் இருக்காது. ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையைத் தூங்கச் சொல்வதுபோல இதமாகச் சொல்வார். "எல்லாரும் தலையைத் தாழ்த்துங்க. கண்ணை மூடுங்க. பக்கத்துல இருக்கறவங்களைப் பார்க்க வேணாம்." கொஞ்சம் இடைவெளி விடுவார். "இது சரின்னு யாருக்கெல்லாம் தோணுதோ, அவங்க கையை மட்டும் உயர்த்துங்க." அதன் பிறகு எங்கள் தலைகளுக்கு மேலே அவருடைய குரல் மட்டும் நடமாடும். "பார்க்கறேன். இந்தப் பக்கம் ஒரு கை, நன்றி. பின்னால ஒரு கை. நன்றி சிஸ்டர். அதோ, தூணோரம் ஒரு கை." கடைசியில், "இறக்கிடுங்க, கண்ணைத் திறங்க" என்பார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாங்கள் பார்க்கும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும். "எல்லாக் கையும்!"

கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. பிரசங்கம் முடிந்ததும், இயேசுவை ஏற்றுக்கொள்வதாகப் புதிதாகத் தீர்மானம் எடுக்கிறவர்கள் கை தூக்க வேண்டும். அவர்கள் கூச்சப்படக் கூடாது என்பதற்காக மற்ற எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மேடையில் நிற்பவர் மட்டும் பார்ப்பார். ஆத்துமாவின் காரியத்துக்கென்று இருந்த அந்த ஏற்பாட்டை இவர் அப்படியே தூக்கிக்கொண்டுவந்து ஓர் அரசியல் கட்சியை நடத்தினார். கேட்டால், "அங்கயும் தீர்மானம்தான், இங்கயும் தீர்மானம்தான். வார்த்தை ஒண்ணுதானே சிஸ்டர்?" என்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் சபையில் எல்லோருக்கும் அவர் பிரதர். எழுபது வயதுக்காரர்களுக்கும் பிரதர், ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்கும் பிரதர். என் மகள் எப்சிபா மட்டும் அங்கிள் என்பாள்.

பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளை முழுக்கைச் சட்டைதான் எப்போதும். கத்திரி வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். ஆனால் அவரை நாங்கள் அறிந்தது மேடையில்தான். வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார்கள் ஆங்கிலத்தில் பேசப் பேசப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவர் அவர். பிரசங்கியார் வலது கையை வீசினால் இவரும் வீசுவார். 'நான் குடிகாரனாக இருந்தேன், என் மனைவியை அடித்தேன்' என்று அவர் அழுதால், இவரும் 'நான் குடிகாரனாக இருந்தேன், என் மனைவியை அடித்தேன்' என்று அதே இடத்தில் குரல் உடைந்து அழுவார். திருமணமாகி நான் சிட்லபாக்கத்துக்கு வந்த புதிதில், குடித்தது யார், அடித்தது யார் என்று எனக்கு உண்மையிலேயே குழம்பிப்போனது. பின்வரிசையில் உட்கார்ந்து அவருடைய மனைவியின் முகத்தில் காயம் தேடினேன்.

மேடையை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். இன்னொருவர் அதை வேறு மொழியில் சொல்லி முடிக்கட்டும் என்பதுபோலக் காத்திருப்பார். பிறகு அடுத்த வாக்கியம். நாம் பேசும்போது அவருடைய உதடு லேசாக அசையும். மற்றவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. இந்த மனிதர் இப்போது யார் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்பார் என் கணவர். ஒரகடத்தில் ஷிப்டு வேலை அவருக்கு. பாதிக் கூட்டங்களில் தூங்கிவிடுவார். கண்ணை மூடச் சொன்னால் அவருக்குப் பரம சந்தோஷம்.

எப்சி மூன்றாவது படிக்கும்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போவதாகப் பேச்சு. வண்டலூர் ஜூவா, கோவளமா என்று பிரதர் வாக்கெடுப்பு நடத்தினார். பிள்ளைகள் எல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கை தூக்கின. "எல்லாக் கையும் கோவளத்துக்கு!" என்றார். போன வழியெல்லாம் வேனில் ஒரு பையன் விடாமல் அழுதான். "நான் ஜூவுக்குத்தான் தூக்கினேன். நான் ஜூவுக்குத்தான் தூக்கினேன்." பிரதர் அவனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, கோவளத்தில் இறங்கியதும் கரைக்கு வந்த படகு ஒன்றின் பக்கம் கூட்டிப்போனார். வலையிலிருந்து துடித்து விழுந்த மீன்களையும் நண்டுகளையும் பார்த்ததும் அந்தப் பையன் ஜூவை மறந்துவிட்டான். திரும்பும்போது எப்சி என் காதில் சொன்னாள். "நானும் ஜூவுக்குத்தாம்மா தூக்கினேன். ஆனா சொல்லல. எல்லாக் கையும்னு சொல்லிட்டாங்கல்ல?"

எட்டு வயதில் அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கண்மூடி வாக்கெடுப்பால் நன்மையும் நடந்திருக்கிறது. பாடகர் குழுவில் டிரம்ஸ் வைக்கலாமா கூடாதா என்று சபையே இரண்டாகப் பிரிந்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போகாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. கமிட்டியில் இவர்தான் எல்லோரையும் கண்ணை மூடவைத்தார். டிரம்ஸ் வந்தது. எதிர்த்துக் கை தூக்காமல் இருந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாததால், தோற்றவர் என்று யாரும் இல்லாமல் போனது. அடுத்த வாரம் எல்லோரும் எல்லோருடனும் பேசினார்கள். "தோத்தவன் யாருன்னு தெரிஞ்சாத்தான் சிஸ்டர் சண்டை" என்றார் என்னிடம். நிறுத்தினார். "தெரியலன்னா, அவன் ஜெயிச்சவனோட சேர்ந்துக்குவான்."

நல்ல பேச்சுத்தான். ஆனால் டிரம்ஸுக்கு எத்தனை கை என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்?

தாம்பரம் மாநகராட்சி ஆனபோது கட்சி பிறந்தது. அதற்கு முன் பல வருஷங்களாக எங்கள் பக்கம் கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. அதிகாரிகள்தான் எல்லாம். ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியாது. அப்படி இருந்த ஊருக்கு முதல்முறையாக மேயர், மண்டலம், வார்டு, தேர்தல் என்று வந்ததும் ஆளாளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையில் ஒருவர் இறந்து, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று உடலை வெகுதூரம் கொண்டுபோய் அடக்கம் செய்யும்படி ஆனது. அடக்கம் முடிந்து வேனில் திரும்பும்போது பிரதர் சொன்னார்: "ஐரோப்பாவுல கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சின்னே இருக்கு. நாட்டையே ஆண்டிருக்காங்க. ஒரு பிரசங்கியார் என்கிட்ட சொன்னார். நம்ம ஒரு வார்டு ஆளக் கூடாதா?"

"அங்க அவங்க பாதிப் பேர் சர்ச்சுக்கே போறதில்லையாம் அங்கிள்" என்றாள் எப்சி.

"அதனாலதான் பாப்பா ஜெயிக்கறாங்க. ஞாயித்துக்கிழமையும் வேலை செய்யறாங்க."

வேன் முழுக்கச் சிரிப்பு. எப்சி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

கட்சியின் முழுப் பெயர் நீளமானது. கிறிஸ்தவம், ஜனநாயகம், மக்கள், நீதி எல்லாம் அதில் இருந்தன. யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஆட்டோ ஸ்டாண்டில் வைத்த பெயர்தான் நிலைத்தது. "இன்னாக்கா, கண்மூடிக் கட்சி மீட்டிங்கா?" என்பார் எங்கள் தெரு முனை ஆட்டோக்காரர். "கண்ணத் தொறந்துகினு ஏறுக்கா, படி ஒடஞ்சி கீது." கூட்டம் நடந்தது ஒரு டியூஷன் சென்டரின் மொட்டைமாடி ஷெட்டில். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, ஏரிக்கரைத் தெருவிலிருந்து இந்துக் குடும்பங்களும் வந்தன. தண்ணீர் எல்லோர் வீட்டுக்குள்ளும்தானே வந்தது? முகக்கவசம் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. ஒருவருக்கொருவர் கண் மட்டும்தான் தெரியும். பிரதர் அதையும் மூடச் சொன்னார்.

எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. வேட்பாளர் யார் என்று ஒரு கூட்டம். எப்சிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வெள்ளத்தின்போது தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் பால் கொடுத்தவள், அதிகாரியை வழிமறித்துப் பேசியவள், அதை யாரோ போனில் எடுத்துச் சுற்றுக்கு விட்டதில் நான்கு தெருவுக்குத் தெரிந்தவள். அவள் பெயரைப் பிரதர்தான் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

நான் மூடினேன். கையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடிக்கும் சத்தம். அதற்கு நடுவில் அவருடைய குரல். "பார்க்கறேன், பார்க்கறேன். நன்றி. நன்றி."

"எல்லாக் கையும்!"

எப்சியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான் நேராக அவரிடம் போனேன்.

"பிரதர், நான் கை தூக்கலியே?"

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. "அப்படியா சிஸ்டர்?" என்றார். நிறுத்தினார். "எனக்கு எல்லாக் கையும் தெரிஞ்சுதே."

"என் கை என் மடியில இருந்துது."

"மனசுல தூக்கியிருப்பீங்க. பெத்த தாய் இல்லையா?"

கேலியா, நம்பிக்கையா, பொய்யா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஞானசேகரம் சாரிடம் மெல்ல விசாரித்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நானும் தூக்கலம்மா. சின்னப் பொண்ணு, பாவம்னு தோணிச்சு. ஆனா எல்லாக் கையும்னு சொல்லிட்டார், இனி என்ன?" என்றார். இன்னும் யார் யார் தூக்கவில்லையோ. வீட்டில் எப்சியிடம் சொன்னபோது சிரித்தாள். "உனக்கு நான் நிக்கறது பிடிக்கல, அதுக்கு அங்கிளைச் சொல்றே."

பிடிக்கவில்லைதான். பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு முகம் கிடைக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஒரு பெரிய கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். பின்னால் இரண்டு பைக். அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சோபா நுனியில் பணிவாக உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"இன்னாம்மா, பாப்பாவ நிக்க வக்கிறீங்களாமே? நல்ல விசயம். படிச்ச பொண்ணு வரணும்." சுவரில் இருந்த எப்சியின் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தார். "நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரி கீது. அதான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பெருங்களத்தூருக்குத்தான வேலைக்குப் போவுது? ஸ்கூட்டியில? அந்த சர்வீஸ் ரோட்டுல லைட்டே இல்லம்மா. பேஜாரான ரோடு. பாத்துப் போவச் சொல்லுங்க."

எப்சி அறைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எங்கே வேலைக்குப் போகிறாள், எதில் போகிறாள் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் போன பிறகு, "நான் பயப்படலம்மா" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். அன்றிலிருந்து கேட்டைப் பூட்டினோமா என்று அவளே எழுந்துபோய்ப் பார்த்தாள். சாப்பாடு தட்டிலேயே கிடந்தது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும். 'விலகிவிடு' என்று நான் ஆரம்பித்தாலோ, "எல்லாரும் கை தூக்கி அனுப்பியிருக்காங்க. நான் ஓடிப்போனா என்ன சொல்லுவாங்க?" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எல்லோரும் தூக்கவில்லை என்று எத்தனை முறை சொல்வது?

பிரதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இரும்புலியூரில் அவர் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டார். "ஜெபிக்கறேன் சிஸ்டர்" என்றார். வேறு எதுவும் இல்லை. மறுநாள் மாலை சானட்டோரியம் ஸ்டேஷன் எதிரில் பழம் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பார்த்தேன். வட்டச் செயலாளரின் கார் ஓரமாக நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு பிரதர் இறங்கினார். மணிக்கட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, குனிந்து கண்ணாடி வழியாக ஏதோ சொன்னார். நிறுத்தினார். மறுபடி ஏதோ சொன்னார். கார் போனது.

விலை போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சந்தோஷப்படுவதா வயிறெரிவதா என்று தெரியவில்லை. அவர் விலை போயிருந்தால் என் மகள் தப்பிப்பாள். விலை போனபடியே அவளை நிற்கவைத்து, ஓட்டைப் பிரிக்க உபயோகித்துக்கொண்டால்?

வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை கூட்டம் கூடியது. ஷெட்டில் உட்கார இடமில்லை. பயமுறுத்தல் எல்லோர் காதுக்கும் போயிருந்தது. அதனாலேயே ஒரு வீராப்பும் வந்திருந்தது. படியேறும்போது எப்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்கு வாபஸ் வாங்கலாமான்னு கேப்பார். நீ கை தூக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்குடீ."

"அப்ப ப்ராமிஸ் பண்ணு."

செய்தேன். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

ஞானசேகரம் சார் ஆவேசமாகப் பேசினார். ஏரிக்கரைத் தெரு அம்மாள் ஒருத்தி, "பொண்ணு பின்னால நாங்க நூறு பொம்பளைங்க நடப்போம், எவன் வரான்னு பாப்போம்" என்றாள். கைதட்டல். எப்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிரதர் எல்லாவற்றையும் உதடு அசையக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"தலையைத் தாழ்த்துங்க. கண்ணை மூடுங்க. நாம விலகிடலாம்னு யாருக்காவது தோணினா, கையை மட்டும் உயர்த்துங்க. யாரும் பார்க்க மாட்டாங்க. நான் மட்டும் பார்ப்பேன்."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் கண்ணைத் திறந்தேன். அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்.

குனிந்த தலைகள். முந்தானைகள், வழுக்கைகள், முகக்கவசத்தின் காதுக் கயிறுகள். எல்லோருடைய கைகளும் மடியிலோ முழங்காலிலோ இருந்தன. ஒன்றைத் தவிர. முன்வரிசையில், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, காது உயரத்துக்கு மட்டும் ஒரு கை எழும்பி நின்றது. என் மகளின் கை.

பிரதர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான 'பார்க்கிறேன், நன்றி' எதுவும் இல்லை. பிறகு தலையைத் தூக்கியவர், திறந்திருந்த என் கண்களைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பார்வையை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத பின்வரிசைகளின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். "பார்க்கறேன். அங்க ஒரு கை. நன்றி. தூணோரம் ரெண்டு கை. ஐயா, உங்க கையும் பார்த்தேன். போதும். இறக்கிடுங்க."

கண்கள் திறந்தன.

"பெரும்பாலான கை" என்றார். 'எல்லாக் கையும்' என்று அவர் சொல்லாத ஒரே நாள் அது. "விலகறோம்."

ஷெட்டே எழுந்து நின்றது. "யாரு தூக்கினது? இப்பத் தூக்குங்கய்யா, பார்ப்போம்!" என்று கத்தினார் ஞானசேகரம் சார்.

"கண்ணைத் திறந்துட்டு அதைக் கேக்கக் கூடாது சார்" என்றார் பிரதர்.

"அங்கிள், இது அநியாயம்!"

எப்சியின் குரல். எல்லோருடைய குரலையும்விட அதுதான் உரக்கக் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள். ஏரிக்கரைத் தெரு அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, "யாரு பெத்த புள்ளயோ, இந்தக் கோழைங்களுக்கு நடுவுல" என்று தானும் அழுதாள். எப்சியின் அழுகை பயம் நீங்கிய அழுகை, 'அநியாயம்' என்றது வாய் தவறி வந்த வார்த்தை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மனு வாபஸ் ஆனது. சின்னம் ஒதுக்குவதற்கு முன்பே கட்சி முடிந்துவிட்டது. ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைச் சந்தேகப்பட்டார்கள். நீதான் தூக்கினாய் என்று ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாமல் இருந்ததாகக் கேள்வி. பிறகு எல்லோருடைய சந்தேகமும் ஒன்றாகச் சேர்ந்து அவர் மேல் போய் நின்றது. காரில் பார்த்தது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஏழெட்டுப் பேர் அவர் வீட்டு வாசலில் கூடி நியாயம் கேட்டார்கள். நானும் போனேன். அவரைத் திட்டுவது என்னால் கேட்க முடியாத அளவுக்குப் போனபோது, "இல்லங்க, அன்னைக்கு நான்..." என்று வாயைத் திறந்துவிட்டேன்.

பிரதர் உடனே என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க கண்ணை மூடிட்டுத்தானே இருந்தீங்க?"

நிறுத்தினார். யாரோ மொழிபெயர்க்கக் காத்திருப்பவர்போலவே நின்றார். நான் பேசினால் என் மகளின் கைதான் வெளியே வரும் என்கிறார் என்று புரிந்து நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் மேடையில் பிரசங்கத்தை வேறொருவர்தான் தமிழில் சொல்கிறார். அவர் கையும் வீசுவதில்லை, அழுவதுமில்லை.

பிரதர் எனக்கு நன்மை செய்தார் என்று எழுதினால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். என்னால் அப்படி எழுத முடியவில்லை. காரில் அவர் என்ன பேசினார்? எப்சியை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாரா? விலகிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஒற்றைக் கையைத் தனக்கு ஒரு சாக்காக எடுத்துக்கொண்டாரா? கை ஒன்றுமே எழும்பியிருக்காவிட்டாலும் 'பெரும்பாலான கை' என்றிருப்பாரா? ஒரு கையை ஊர் முழுக்க ஆக்குகிற மனிதர், நல்லதற்கு ஆக்கினாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நிற்போம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது எங்கே போனது?

இப்போது அடுத்த தேர்தல் பேச்சு வந்துவிட்டது. எப்சி ஒரு பெரிய கட்சியின் இளைஞர் அணியில் இருக்கிறாள். சர்வீஸ் ரோட்டில் இப்போது விளக்கு எரிகிறது. போன வாரம் இரும்புலியூரில் தெருமுனைக் கூட்டம். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். மேடையேறி மைக்கைப் பிடித்ததும் அவள் முதலில் சொன்னது அந்தக் கதையைத்தான்.

"என் இருபத்திரண்டு வயசுல என்னை நிக்க வச்சாங்க. மிரட்டல் வந்துச்சு. நான் பயப்படல. ஆனா எங்க தலைவர் பயந்துட்டார். எங்க எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். ஒருத்தர்கூடக் கை தூக்கல. ஆனா பெரும்பாலான கைன்னு பொய் சொல்லி எங்களை வித்துட்டார். இனி யாரும் உங்க கண்ணை மூடச் சொன்னா மூடாதீங்க!"

விசில் பறந்தது. கூட்டத்தின் ஓரத்தில், டீக்கடைப் பெஞ்சை ஒட்டி நின்று பிரதர் கேட்டுக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். அவள் பேசப் பேச உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கிட்டே போனேன்.

"பிரதர், நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷத்துல."

"என்ன சொல்றது சிஸ்டர்?" என்றார். நிறுத்தினார். "பாப்பா நல்லாப் பேசறா. இந்த முறை ஜெயிப்பா. ஏரித் தண்ணி விஷயத்தை இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். டீக்குச் சொன்னார். எனக்கும் ஒன்று.

திரும்பும்போது எப்சியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துவந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டுச் சிக்னலில் வண்டி நின்றது. அவள் முகம் தெரியவில்லை. ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"எப்சி, அன்னைக்கு ஒரு கை உயர்ந்துச்சு."

அவள் திரும்பவில்லை. பக்கத்துப் பஸ்ஸின் இரைச்சலில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நீ பார்த்தியா?" என்றாள்.

"பார்த்தேன். அவரும் பார்த்தார்."

"தெரியும்மா" என்றாள். குரலில் கோபமில்லை, கூச்சமில்லை. "அவர் பார்க்கணும்னுதானே தூக்கினேன்."

அவள் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேனா, வைத்தே இருந்தேனா என்று நினைவில்லை. சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

"வேற யாரும் பார்க்கலியேம்மா?"

பின்னாலிருந்து ஒரு லாரி அலறியது. எங்களைச் சுற்றிக்கொண்டு போன ஒருவன் திரும்பித் திட்டிவிட்டுப் போனான். அவள் அசையவில்லை.

"இல்ல" என்றேன்.

அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது.